பிள்ளைகளின் மனநலத்துக்குப் பெண்கள் போடும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் மலேசியாவின் பினாங்கில் செபராங் பிறை பக்கம் இருக்கும் முப்பத்து நான்கு பெண்கள். மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி (ரிங்கிட்) போட்டு, மனநலச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவுகிறோம். பதிவு பெற்ற ஒரு சமூக அமைப்பின் மகளிர் பிரிவுக்குள்தான் இது நடக்கிறது. தனிப் பெயரெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. நான் பொருளாளர். அதாவது கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கும், திட்டும் என்னிடம்தான் வரும்.

கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போதும், கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போதும், வாட்ஸ்அப் குரல்பதிவிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் வைத்திருக்கிறேன்.

அக்கா, மனநல உதவின்னா என்ன? பைத்தியம் புடிச்ச பிள்ளைங்களுக்கா?

இல்லை. அப்பா இறந்து ஆறு மாதமாகியும் பள்ளி வாசலில் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடும் ஒன்பது வயதுப் பையன். இரவு முழுக்கத் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டு, காலையில் எழுப்பினால் கத்தும் படிவம் 2 (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) மாணவி. மணிக்கட்டுவரை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாத பிள்ளை. எங்களிடம் வருவது இப்படிப்பட்டவர்கள்தான்.

நம் ஊரில் மனநலம் என்றதும் 'தஞ்சோங் ரம்புத்தானா?' என்று சிரிப்பது மூன்று தலைமுறைப் பழக்கம். அந்த ஊரில் இருக்கும் மனநல மருத்துவமனை 1911இல் திறந்தது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா. மலாயில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை மாற்றியும் நம் கிண்டல் மாறவில்லை. நாங்கள் உதவிய பிள்ளைகளில் ஒருவரும் அங்கே போனதில்லை. போயிருந்தாலும் வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? இப்பத்தானே புதுசா கிளம்புது?

இருந்தது. பெயர்தான் வேறு. தோட்டத்தில் என்னோடு படித்த ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்தினாள். காத்து கருப்பு என்றார்கள். இன்னொருவன் பள்ளிக்கே வராமல் போனான். சோம்பேறி என்று ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பினார்கள். அவ்வளவுதான் முடிந்தது கதை.

இன்று எண்ணிப் பார்க்கிறார்கள், அதனால் தெரிகிறது. சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ள மாணவர்களில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நான்கில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் மனநலச் சிக்கல் உள்ளவர்கள் 2019 ஆய்வில் 7.9 விழுக்காடு, 2023 ஆய்வில் 16.5 விழுக்காடு. எண்ணும் முறை கூர்மையானதும், கோவிட் காலமும், பெற்றோர் வெளியே சொல்லத் துணிந்ததும் எல்லாம் சேர்ந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில அஞ்சு வெள்ளிதானே? அப்புறம் உங்களுக்கு எதுக்குப் பணம்?

அதிகம் வரும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி என்பது உண்மை. டாக்டருக்குக் கட்டுவதற்காக நாங்கள் பணம் சேர்க்கவில்லை. டாக்டர்வரை போய்ச் சேருவதற்குத்தான் சேர்க்கிறோம்.

ஒரு தாயின் ஒரு புதன்கிழமையைச் சொல்கிறேன். வீடு நிபோங் திபாலைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரம். வேலை பிறையில், ஷிப்ட். பதினான்கு வயது மகளுக்கு மருத்துவமனையில் காலை ஒன்பது மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட். இரண்டு பஸ் மாறினால் நேரத்துக்குப் போக முடியாது. கிராப் வாடகைக் கார் பிடித்தார், போக வர எழுபது வெள்ளி. நோயாளி மகள்தான் என்பதால் தாய்க்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைக்காது, வந்து போன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் மட்டும்தான் தருவார்கள். தொழிற்சாலை அதைச் சம்பளமில்லா விடுப்பாக எழுதிக்கொண்டது. அன்றைய சம்பளம் போனதோடு அந்த மாத வருகை அலவன்ஸும் போனது. ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வரும் சின்னவனைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பத்து வெள்ளி. கேண்டீனில் இரண்டு பேருக்குச் சாப்பாடு. எல்லாம் கூட்டினால் இருநூறு வெள்ளிக்கு மேல். அதில் மருத்துவமனைக் கவுண்டரில் கட்டியது ஐந்து வெள்ளி!

அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் மூன்று வாரத்தில். அதற்கடுத்தது இன்னொரு மூன்று வாரத்தில். இப்படி இரண்டு முறை போன தாய் மூன்றாவது முறை 'பிள்ளை இப்ப பரவாயில்ல' என்று சொல்லிவிடுவார். பரவாயில்லை என்பதற்குக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். எங்கள் கணக்கில் பெரிய செலவு போக்குவரத்து. அடுத்தது சம்பள இழப்பு. மருத்துவமனையில் முதல் தேதி தள்ளிப் போகும் பிள்ளைக்கு இடைக்காலத்தில் தனியார் ஆலோசகரிடம் நான்கைந்து அமர்வு பார்க்க உதவுவது மூன்றாவது.

சரி, பிள்ளைக்கு ஏதோ சரியில்லைன்னு தோணுது. முதல்ல எங்க போகணும்?

வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு. அங்கே கேள்வித்தாள் கொடுத்துச் சோதித்து, தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 'மெந்தாரி' என்ற பெயரில் சுகாதார அமைச்சு நடத்தும் சமூக மனநல மையங்களும் இருக்கின்றன. பெரிய மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்த்தாலே பயப்படும் பிள்ளைகளுக்கு அது தோது.

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் ஆலோசக ஆசிரியரை முதலில் பாருங்கள். தொடக்கப்பள்ளியான தமிழ்ப்பள்ளியில்தான் சிக்கல். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். நாடு முழுக்கப் பார்த்தால் 150 பேர்கூட இல்லாத தமிழ்ப்பள்ளிகள் ஏராளம். சிறிய பள்ளியில் ஆலோசனைக்கென்று முழுநேர ஆசிரியர் கிடைப்பது கடினம். இருக்கிற ஆசிரியரே பாடமும் நடத்தி, பந்து விளையாட்டையும் பார்த்து, அழும் பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஆகவே தமிழ்ப்பள்ளிப் பிள்ளை என்றால் நேரே கிளினிக்குக்குப் போகச் சொல்கிறோம்.

ஏன் இருபது வெள்ளி? வசதியானவங்க நாலு பேர்கிட்ட மொத்தமா வாங்கிட்டா முடிஞ்சிடுமே?

முதல் கூட்டத்தில் ஐம்பது என்றுதான் பேச்சு வந்தது. ஒரு அம்மா மெதுவாகச் சொன்னார்: 'இருபதுன்னா நான் யாரையும் கேக்காமப் போடுவேன். ஐம்பதுன்னா வீட்ல கேக்கணும்.' அதோடு முடிவாகிவிட்டது. யாரிடமும் அனுமதி வாங்காமல் ஒரு பெண் தன் கையால் கொடுக்க முடிகிற தொகைதான் எங்கள் சந்தா.

மொத்தமாகப் பணம் திரட்டும் பெண்கள் குழுக்களும் உண்டு. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரில் 2001இல் ஒரு ஏற்பாடு தொடங்கியது: நூறு பெண்கள் ஆளுக்கு ஆயிரம் டாலர் போட்டு, ஒரு லட்சம் டாலரை ஒரே வேலைக்குக் கொடுப்பது. கட்டடம் கட்டவும் வண்டி வாங்கவும் அது நல்ல வழி. பிள்ளையின் மனநலம் அப்படியில்லை. மாதாமாதம், ஒரு வருடம்கூட, சின்னச் சின்னதாகச் செலவு வந்துகொண்டே இருக்கும். பெரிய தொகை தருகிறவர் ஒரு வருடம் தந்து மறு வருடம் வேறு பக்கம் போய்விட்டால் பிள்ளை நடுவழியில் நிற்கும். முப்பத்து நான்கு பேரில் நாலு பேர் விலகினாலும் வண்டி ஓடும்.

பொம்பளைங்க மட்டும்தானா? ஆம்பளைங்க காசு ஆகாதா?

ஆகும், வாங்குகிறோம். நிதிக்காக நாங்கள் விற்கும் தீபாவளி முறுக்கு டின்னை அதிகம் வாங்குவதே அவர்கள்தான். முடிவெடுக்கும் மேசையில் மட்டும் பெண்கள். ஏனென்றால் பிள்ளை ராத்திரி எழுந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பார்ப்பது அம்மா. அதை வெளியே சொல்ல வெட்கப்படுவதும் அம்மா. 'வளர்ப்பு சரியில்ல' என்ற பேச்சு அவர் தலையில்தான் விழும். அந்தப் பேச்சைக் கேட்டு வாழ்ந்தவர்கள் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தால் அவருக்கு வாய் திறக்கும்.

இப்படிக் காசு போட்டு நடத்துறது வெள்ளைக்காரன் பழக்கம்தானே?

பிடியரிசி தெரியுமா? உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பது. மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ இல்லாதவருக்கோ போகும். என் பாட்டி தோட்டத்து லயத்தில் அதை ஒரு மைலோ டின்னில் சேர்த்தார். டின்னைத் தொட்டால் அடி விழும். இருபது வெள்ளியும் பிடியரிசிதான்.

பெரிய அளவிலும் நம் பெண்கள் செய்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இங்கே கோலாலம்பூரில் அன்னை மங்களம், சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜத்தில் பெற்றோரில்லாப் பிள்ளைகளை வளர்ப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தார். 2023இல் 97 வயதில் மறைந்தார். அந்தக் காலத்தில் யாரும் அதை மனநலச் சேவை என்று சொல்லவில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை இரவில் பயப்படாமல் தூங்க வைப்பதை வேறென்ன பெயரால் சொல்வது?

வெள்ளைக்காரர் கதையும் ஒன்று சொல்கிறேன், எனக்குப் பிடித்தது. சியாட்டில் நகரில் அன்னா கிளைஸ் என்ற பெண்மணியின் சின்ன மகன் நோயில் இறந்துபோனான். பிள்ளைகளுக்கென்று அங்கே மருத்துவமனை இல்லை. 1907இல் அவர் தோழியர் இருபத்து மூன்று பேரைக் கூட்டினார், ஆளுக்கு இருபது டாலர் போட்டார்கள். அதுதான் இன்றைய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை. இப்போது அங்கே பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவும் இருக்கிறது. எங்கள் இருபதும் அவர்கள் இருபதும் ஒன்றானது தற்செயல்.

அப்ப இது கூட்டு மாதிரியா? எனக்கு எப்ப சீட்டு விழும்?

விழாது. போட்ட பணம் திரும்பி வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கூட்டு பிடிப்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அதைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்ய இந்த நாட்டில் 1971இலிருந்தே சட்டம் உண்டு. ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் நம்முடைய 'கூட்டு' என்ற சொல்லே அப்படியே ஏறியிருக்கிறது. சட்டத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை!

கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினேன். அது போதாதா?

கயிறைக் கழற்றச் சொல்ல மாட்டோம். எங்களில் பாதிப் பேர் கையில் கயிறு இருக்கிறது. கேட்பது ஒன்றுதான்: மந்திரிக்கும் நாளும் அப்பாயிண்ட்மெண்ட் நாளும் மோதினால் மந்திரிப்பதைத் தள்ளி வையுங்கள். பூசாரி அடுத்த வாரமும் இருப்பார். மருத்துவமனையில் ஒரு தேதி தவறினால் அடுத்த தேதி வாரக்கணக்கில் தள்ளிப் போகும். அப்புறம், பிள்ளையை அடித்து 'ஓட்டுகிற' இடம் என்றால் அங்கே போகவே வேண்டாம்.

மாத்திரை கொடுத்துப் பிள்ளையை மந்தமாக்கிடுவாங்களாமே?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் பேச்சுதான், சின்னவர்களுக்கு விளையாட்டு வழியாக. மணலும் பொம்மையும் வரைபடத் தாளும் இருக்கும் அறையைப் பார்த்து 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்' என்று ஒரு தாத்தா கோபப்பட்டார். அந்தப் பேரன் அப்பாவைக் குழிக்குள் வைத்து மூடுவதை மணலில் நான்கு வாரம் திரும்பத் திரும்பச் செய்தான். ஐந்தாவது வாரம் பள்ளிக்கூடம் கட்டினான்.

மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. கொடுத்தால் அளவு, பக்கவிளைவு, எத்தனை நாள் என்று டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், எழுதி வாங்குங்கள். தூக்கமாக இருக்கிறது என்றால் அவரிடமே சொல்லுங்கள், மாற்றுவார். நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதுதான் ஆபத்து.

ரெக்கார்டுல ஏறிடுமா? நாளைக்கு வேலை, கல்யாணம்?

மருத்துவமனைக் குறிப்புகள் பள்ளிக்குப் போகாது. உங்கள் சம்பந்தி வீட்டுக்கும் போகாது. ஆனால் முழுசாக மறைந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். காப்புறுதி எடுக்கும்போது உடல்நல வரலாறு கேட்பார்கள், உண்மையைத்தான் சொல்ல வேண்டும். போலீஸ், ராணுவம் போன்ற சில வேலைகளுக்கு மருத்துவச் சோதனை உண்டு. இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிவம் 3இல் பள்ளியையே விட்டுவிட்ட பிள்ளைக்கு எந்த ரெக்கார்டு காப்பாற்றி என்ன?

தனியார் கவுன்சிலர் நிஜமானவரான்னு எப்படித் தெரியும்?

எங்களுக்கே தெரியாமல் ஏமாந்தோம். ஒருவர் சுவர் முழுக்கச் சான்றிதழ் மாட்டி வைத்திருந்தார், நல்ல தமிழ், கனிவான பேச்சு. நான்கு அமர்வுக்கு அறுநூறு வெள்ளி கட்டினோம். மூன்றாவது அமர்வில் பிள்ளையின் முற்பிறவி பற்றிப் பேசியிருக்கிறார். விசாரித்தால் அவர் பதிவே செய்யாதவர். அந்த அறுநூறு இன்னும் என் கணக்குப் புத்தகத்தில் சிவப்பு மையில் இருக்கிறது.

1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, இந்த நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அவருக்குப் பதிவு எண்ணும், தொழில் நடத்தும் சான்றிதழும் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வருவார். எண்ணைக் கேளுங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார், கேட்குமுன்பே காட்டுவார். எங்கள் பக்கம் விசாரித்தவரை தனியாரிடம் ஒரு அமர்வு 150 முதல் 250 வெள்ளி. அதைவிட மிகக் குறைவென்றாலும் மிக அதிகமென்றாலும் இன்னொரு முறை விசாரியுங்கள்.

பிள்ளை 'செத்துப்போறேன்'னு சொல்றான். சும்மா மிரட்டுறானா?

மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: 'உயிரை விடணும்னு தோணுதா?' கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்தது போலாகிவிடும் என்று பயப்படுகிறார்கள்; அப்படி ஆகாது. கேட்க ஆள் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதே பெரிய பாரத்தை இறக்கும். தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள். ஆபத்து இப்போதே என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். அப்பாயிண்ட்மெண்ட் தேவையில்லை, நடுராத்திரியானாலும் பார்ப்பார்கள்.

பேசுவதற்கு: சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வ அமைப்பு 03-7627 2929, 24 மணி நேரமும். இன்னொரு பயமும் வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது முன்பு குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2023இல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸாகும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இப்போது இல்லை.

பிள்ளை வீட்டு விஷயத்தையெல்லாம் அங்க சொல்லிட்டா?

சொல்லத்தான் போகிறது. அப்பா குடிக்கிறார், அம்மா அழுகிறார் என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். எங்களுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள், நாங்களும் கேட்பதில்லை.

யாராவது பிள்ளையை அடித்துக் காயப்படுத்துகிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள் என்றால் கதை வேறு. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி டாக்டர் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்பத்தினருக்கும் அந்தக் கடமை உண்டு. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமலிருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 வெள்ளிவரை அபராதம். 'குடும்ப மானம்' என்று அமுக்கப் பார்த்த ஒரு வீட்டில் நாங்களே அரசாங்கத்தின் உதவி எண்ணான தாலியான் காசே 15999க்கு அழைத்தோம். அந்தக் குடும்பம் இன்றும் எங்களோடு பேசுவதில்லை. பினாங்கில் 1985இலிருந்து இயங்கும் மகளிர் விழிப்புணர்வு மையம் இப்படிப்பட்ட விஷயங்களில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணைக்கு வரும்.

காசு கொடுக்கிறேன். யாருக்குப் போச்சுன்னு பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

கணக்கைப் பார்க்க முழு உரிமை உண்டு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி குழுவில் போடுகிறேன்: வந்தது, போனது, ரசீது. வங்கியில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று என் உறவுக்காரர் அல்லாதவருடையது. பிள்ளைக்கு மட்டும் பெயர் இல்லை, எண்தான். '7க்கு கிராப் 68 வெள்ளி' என்று இருக்கும். 7 யார் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு வியாபாரி ஐயாயிரம் வெள்ளி தருகிறேன் என்றார். பெரிய அட்டைக் காசோலை செய்து, பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். முகத்தை மங்கலாக்கிவிடலாம் என்றும் சொன்னார். அந்தச் சட்டையையும் அந்த அம்மாவையும் ஊரில் யாருக்குத் தெரியாது? அந்த நேரத்தில் எங்கள் கணக்கில் இருந்தது 412 வெள்ளி. கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் முறுக்கு டின்னோடு அவர் மட்டும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்றோம். அவர் வரவில்லை.

வரி விலக்கு ரசீது தருவீங்களா?

தர முடியாது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கழிவு உண்டு, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடுவரை. உங்களுக்கு அது முக்கியம் என்றால் அனுமதி பெற்ற அமைப்புக்கே கொடுங்கள், வருத்தப்பட மாட்டோம்.

உங்கள் சொந்தப் பிள்ளைக்குச் செய்யும் செலவை மறக்காதீர்கள். மனநல ஆலோசனைக் கட்டணத்துக்கு 1,000 வெள்ளி வரம்புக்குள் வரிக் கழிவு கேட்கலாம். ஆட்டிசம், ஏடிஎச்டி போன்ற கற்றல் சிக்கல்களைக் கண்டறிவதற்கும் தொடக்கப் பயிற்சிக்கும் தனி வரம்பு இருக்கிறது. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அது 6,000 வெள்ளி. ரசீதுகளை ஏழு வருடம் வையுங்கள்.

எங்க தாமான்லயும் ஆரம்பிக்கணும். நாங்க பத்துப் பேரு. போதுமா?

போதும், ஆனால் பதிவு பார்க்க வேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே சங்கம்தான், பதியாமல் இயங்கக் கூடாது. சுலபமான வழி எங்கள் வழி: ஏற்கெனவே பதிந்திருக்கும் அமைப்பின் மகளிர் பிரிவுக்குள் ஒரு துணைக்குழு. வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்கத் தனி அனுமதி வேண்டும், அதற்கு 1947இலிருந்தே சட்டம் இருக்கிறது. உண்டியலைத் தூக்கிக்கொண்டு பசாருக்குப் போய்விடாதீர்கள்.

அம்மா சரின்றாங்க, அப்பா 'வேணாம்'ன்றாரு. நீங்களே கூட்டிட்டுப் போங்களேன்?

மாட்டோம். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். தாய் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகலாம். பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு மாமா உதவுகிறார், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். அவர் அந்த அப்பாவை ஒட்டுக்கடைக்குக் கூட்டிப் போய்த் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, பிள்ளையைப் பற்றி எதுவும் பேசாமல் தன் மகனைப் பற்றிப் பேசுவார். பாதிப் பேர் இறங்கி வந்திருக்கிறார்கள். மீதிப் பேர் தே தாரிக்கைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பாதியில நின்னுட்டா போட்ட காசெல்லாம் வீண்தானே?

நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். மேலே அஞ்சு வெள்ளிக் கேள்வியில் சொன்ன அந்த நிபோங் திபால் பெண்பிள்ளையே நான்கு மாதம் வரவில்லை. ஒரு நாள் அவளே கணக்குக் குழுவின் எண்ணுக்குச் செய்தி போட்டாள்: 'ஆண்ட்டி, திரும்பப் போலாமா?' எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முன்பு போட்ட காசு எங்கே போனது என்று கேட்டால் அந்தச் செய்தியைத்தான் காட்டுவேன்.

என்கிட்ட காசு இல்ல. நேரம் இருக்கு.

கார் இருக்கிறதா? வார நாள் காலை ஏழரைக்கு வீட்டு வாசலில் நிற்க முடியுமா? அது எங்களுக்கு எழுபது வெள்ளி. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று கேட்காதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், உங்கள் பிள்ளை எடுத்த எஸ்பிஎம் தேர்வுப் புள்ளிகளைச் சொல்லவே சொல்லாதீர்கள். பின் சீட்டில் பிள்ளை பேசாமல் வந்தால் மின்னல் எஃப்எம்மைப் போட்டுவிட்டுச் சும்மா ஓட்டுங்கள். திரும்பும்போது பசிக்கும், ஒரு ரொட்டி சானாய்க்குக் காசு என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.